ஓட்டுப் பெட்டி எங்கே, பாஸ்டர்?

பெருமாநல்லூர் நால் ரோட்டுக்குப் பக்கத்தில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார் என் நண்பர் ஒருவர். பதினாறு பவர் டேபிள் மெஷின், ஒரு அயர்ன் டேபிள், ஓயாமல் அடிக்கும் போன். அவரைப் பார்க்கப் போனால் ஷெட்டுக்குள் உட்கார வைக்க மாட்டார். எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சுதான் அவருடைய கான்ஃபரன்ஸ் ஹால்.

பெஞ்சிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஒரு மாடிக் கட்டடம். கீழே எலாஸ்டிக்கும் லேபிளும் விற்கிற கடை. மேலே தகரக் கூரை போட்ட ஹால். அதன் நெற்றியில் ஒரு போர்டு. ஏதோ ஒரு பெயர் போட்டு, கடைசியில் 'பாப்டிஸ்ட் சபை' என்று முடிகிறது. முழுப் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்று போகப் போகப் புரியும்.

"இது யாருங்க?" என்று சும்மா கேட்டேன். என் ஒரு கேள்விக்கு பெஞ்சிலிருந்து அஞ்சு கேள்விகள் திரும்பி வந்தன.

"அதானுங்க எங்களுக்கும் தெரியலை. சி.எஸ்.ஐ.யும் இல்லீங்க, ஆர்.சி.யும் இல்லீங்க. அப்புறம் யாருங்க இவங்க?"

"ஆளைத் தொட்டித் தண்ணியில போட்டு முக்கி எடுக்கறாங்களாமா, நெசமுங்களா?"

"கொழந்தைக்கு மட்டும் செய்ய மாட்டாங்களாமா. அது ஏனுங்க?"

"எல்லாம் அமெரிக்காக்காரன் காசுங்க."

"மாறுனா தலைக்கு இத்தனைன்னு குடுக்கறாங்கன்னு சொல்றாங்களே..."

நீங்களும் உங்கள் தெருவில் இப்படி ஒரு போர்டைப் பார்த்திருப்பீர்கள். இதே கேள்விகளில் ரெண்டு மூணையாவது கேட்டிருப்பீர்கள். கேட்கலாம், தப்பே இல்லை. ஆனால், கேட்க வேண்டிய கேள்வி இந்த அஞ்சிலும் இல்லை என்பதுதான் என் வாதம். முதலில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

'முக்கி எடுக்கறாங்களா?' ஆமாம். அதுதான் அவர்கள் பெயருக்கே காரணம். பாப்டிஸ்ட் என்ற பெயர் கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து வந்தது. அதற்கு அர்த்தம், முக்குவது. அதன் வேர்ச்சொல்லை அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் துணியைச் சாயத்தில் முக்குவதற்கும் பயன்படுத்தினார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? மேலே நாலு சொட்டுத் தெளித்தால் சாயம் ஏறாது. உள்ளே போய் வெளியே வர வேண்டும்.

இந்த ஒரு வார்த்தைக்காக இந்தியாவில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் வங்காள மொழி பைபிளில் பாப்டிஸ்ட் மிஷனரிகள் அந்தச் சொல்லை 'முக்குதல்' என்ற அர்த்தம் வருகிற மாதிரியே மொழிபெயர்த்தார்கள். பைபிள் சொசைட்டி காசு தர மறுத்துவிட்டது. 'தராவிட்டால் போங்கள்' என்று 1840-ல் தனியாக ஒரு மொழிபெயர்ப்புச் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். தமிழில் அந்தத் தகராறு இல்லை. ஞானஸ்நானம் என்கிறோம், ஸ்நானம் என்றாலே குளியல். கத்தோலிக்கர்கள் இப்போது 'திருமுழுக்கு' என்கிறார்கள். பெயரில்தான் முழுக்கு, செய்வது பெரும்பாலும் தலையில் தண்ணீர் ஊற்றுவது. இதைச் சொன்னால் பாப்டிஸ்ட் நண்பர்கள் சந்தோஷமாகச் சிரிப்பார்கள்.

'குழந்தைக்கு ஏன் செய்வதில்லை?' இதற்குப் பதில் பெருமாநல்லூரிலேயே இருக்கிறது. பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டத்தில் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? விரதம் இருந்தவர் அவர். இறங்குவது அவருடைய கால். 'எனக்குப் பதிலாக என் சித்தப்பா விரதம் இருந்தார்' என்று ஒருவர் சொன்னால் ஊர் ஏற்குமா? பாப்டிஸ்ட்டின் வாதமும் இதுதான். நம்பிக்கை என்பது ஒரு ஆள் தானாக எடுக்கிற முடிவு. பேசத் தெரியாத குழந்தையால் அந்த முடிவை எடுக்க முடியாது. அதனால் குழந்தையைச் சபைக்குக் கொண்டுவந்து ஆசீர்வதித்து ஜெபம் செய்வார்கள். தண்ணீர் மட்டும் கிடையாது. அது வளர்ந்து, புரிந்து, வாயைத் திறந்து 'நான் நம்புகிறேன்' என்று சொன்ன பிறகுதான்.

சி.எஸ்.ஐ.யில் இவர்கள் ஏன் இல்லை என்பதற்கும் இதுவே பாதிப் பதில். 1947 செப்டம்பர் 27-ம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிகன், மெதடிஸ்ட், ஏற்கெனவே ஒன்றுசேர்ந்திருந்த பிரஸ்பிடேரியன், காங்கிரகேஷனல் சபைகள் எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது பாப்டிஸ்ட்டுகள் உள்ளே போகவில்லை. குழந்தை ஞானஸ்நானம் ஒரு தடை. பிஷப் இன்னொரு தடை. பிஷப் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பெந்தெகொஸ்தேவும் இவர்களும் ஒன்றா என்று கேட்பவர்களுக்கு: அவர்களும் முக்குகிறார்கள். ஆனால், அந்நிய பாஷையில் பேசுவது, மேடையில் சுகமாக்குவது இதெல்லாம் பாப்டிஸ்ட்டுகளில் பெரும்பாலோருக்கு ஒத்துவராது. ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் சத்தத்தை வைத்து அடையாளம் காணலாம் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அது ஆராய்ச்சிக்குரியது.

இப்போது காசு.

நான் பி.காம் படித்தவன். காசு என்று யாராவது சொன்னால் உடனே 'வவுச்சர் எங்கே?' என்று கேட்கத் தோன்றும். 'அமெரிக்காக்காரன் காசு' என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒரு ரூபாய் வாங்குவதற்கும் மத்திய உள்துறையிடம் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான் வர முடியும். வருஷா வருஷம் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. எலாஸ்டிக் கடைக்கு மேலே தகரக் கூரையில் கூடுகிற இந்த நூறு பேருக்கு டாலர் கொட்டுகிறது என்றால், முதலில் அந்தத் தகரத்தை மாற்றியிருப்பார்கள்!

'அமெரிக்கா மதம்' என்பதும் அரைகுறைத் தகவல். அமெரிக்காவில் பாப்டிஸ்ட் என்று ஒரே கட்சி கிடையாது. அடிமை முறையை ஆதரித்துப் பிரிந்து 1845-ல் உருவான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனும் பாப்டிஸ்ட்தான். அதற்காக 150 வருஷம் கழித்து, 1995-ல் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த அடிமைகளின் வம்சத்தில் வந்து, இனவெறியை எதிர்த்து உயிரைவிட்ட மார்ட்டின் லூதர் கிங்கும் பாப்டிஸ்ட் பாஸ்டர்தான். இங்கே நாகாலாந்தில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 88 பேர் கிறிஸ்தவர்கள், அவர்களில் பெரும்பாலோர் பாப்டிஸ்ட். அந்த மலைக்கு முதலில் போய் ஊழியம் செய்தவரும் அமெரிக்கர் இல்லை, கோதுலா என்கிற அசாம்காரர். வடகிழக்கிலிருந்து வந்து உங்கள் பக்கத்து மெஷினில் ஓவர்லாக் அடிக்கிற பையன் மூணு தலைமுறை பாப்டிஸ்ட்டாக இருக்கக்கூடும். அவனிடம் போய் 'எப்ப மாறினே?' என்று கேட்டால் முழிப்பான்.

நம் மலைக்கும் ஒரு கதை உண்டு. கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்று ஒரு ஆங்கிலேய பாப்டிஸ்ட் தம்பதி. மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1929-ல் கணவர் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். அந்த அம்மா மிஷனிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மலைக்குத் திரும்பிப் போய் முதுமை வரை வேலை செய்து, 1974-ல் இறந்தார். அவர்கள் மகன்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

'தலைக்கு இத்தனை' என்ற கடைசிக் கேள்விக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876-லிருந்து 1878 வரை சென்னை மாகாணமே செத்துப் பிழைத்த பஞ்சம். அப்போது மாகாணத்தில் இருந்த ஓங்கோலில் ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டுகிற கான்ட்ராக்டை எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் மாதிகர்கள், தோல் வேலை செய்த தலித் மக்கள். அவர்களில் பலர் ஞானஸ்நானம் கேட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? கொடுக்க மறுத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாது என்று பஞ்ச நிவாரணம் நடந்த காலம் முழுக்க ஒருவருக்கும் கொடுக்கவில்லை. நிவாரணம் நின்றது. இனி கூலியும் இல்லை, கஞ்சியும் இல்லை. அப்புறமும் வந்தார்கள். 1878 ஜூலை 3-ம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர். உதவி செய்தவர் மேலிருந்த நன்றியும் அதில் கலந்திருக்குமே என்றால், கலந்திருக்கும். நன்றி லஞ்சமாகாது.

இன்றைய கணக்கு இன்னும் சுவாரசியம். நம் ஊரில் ஒரு பட்டியல் சாதிக்காரர் ஞானஸ்நானம் எடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்ன போகிறது என்று யாரும் கேட்பதில்லை. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. தகுதி போகிறது. பின்னால் சீக்கியருக்கும் பௌத்தருக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. தமிழ்நாட்டில் அவர் பி.சி. பட்டியலுக்கு மாற்றப்படுகிறார். எஸ்.சி. இட ஒதுக்கீடு, தனித்தொகுதியில் நிற்கிற உரிமை எல்லாம் பற்று. இந்தப் பேரேட்டில் வரவு எங்கே என்று 'தலைக்கு இத்தனை' பார்ட்டிகள்தான் காட்ட வேண்டும்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், அரசு கிளார்க் வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்ட வழக்கு. சர்ச்சுக்குப் போய்வருகிறவர் என்றும் நம்பிக்கையில்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் எடுத்துக்கொள்ளப்பட்ட சான்றுகளில் ஒன்று, அவர் பிறந்த சில வாரங்களில் கத்தோலிக்க ஆலயப் பதிவேட்டில் எழுதப்பட்ட ஞானஸ்நானக் குறிப்பு. தொட்டிலில் கிடந்த குழந்தைக்காக யாரோ போட்ட கையெழுத்து முப்பது வருஷம் கழித்து கோர்ட்டில் வந்து நிற்கிறது. தீர்ப்பு சரியா தப்பா என்பது தனிக் கட்டுரை. ஆனால், 'அந்த முடிவை அந்தந்த ஆள்தான் எடுக்க வேண்டும்' என்கிற பாப்டிஸ்ட் பிடிவாதம் வெறும் தண்ணீர்த் தகராறு இல்லை என்பது எனக்கு அந்த வழக்கைப் படித்தபோதுதான் உறைத்தது.

இவ்வளவும் படித்துவிட்டு, 'இந்த ஆள் பாப்டிஸ்ட்டுகளுக்கு வக்காலத்து வாங்குகிறார்' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இனிமேல்தான் அவர்களிடம் வருகிறேன்.

பெஞ்சில் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை நண்பரின் யூனிட்டில் செக்கிங் பார்க்கிற ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். டீ இடைவேளை முடிகிற நேரத்தில் தயங்கித் தயங்கி வந்தார். "சார், நான் அந்தச் சபைதான். தப்பா எழுதிடாதீங்க. ஆனா ஒண்ணு கேக்கணும்."

அவர் கதை சின்னது. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் தசமபாகம், பத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுவார். வாரம் 300 ரூபாய். வருஷத்துக்கு 15,600. அது போக, சபைக்கு இடம் வாங்க 10,000 ரூபாய் பொருத்தனை. தவணையில் கட்டி முடித்தார். இடம் வாங்கியாயிற்று என்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இவர் மட்டும் கூட்டம் முடிந்து போய், "எவ்ளோ ஆச்சுங்க பாஸ்டர், பத்திரம் யார் பேர்ல?" என்று கேட்டிருக்கிறார். சத்தியமாகச் சந்தேகத்தில் கேட்கவில்லையாம். தான் கொடுத்த காசில் வாங்கிய இடத்தைப் பார்க்கிற ஆசையில் கேட்டாராம்.

பதிலுக்கு வசனம் வந்தது. அபிஷேகம் பெற்ற ஊழியக்காரரைக் கேள்வி கேட்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று பிரசங்கமே வந்தது, அடுத்த ஞாயிறு, பெயர் சொல்லாமல். அதற்கடுத்த வாரம், மனந்திரும்புகிற வரைக்கும் திருவிருந்தில் கலந்துகொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அப்பமும் திராட்சை ரசமும் தட்டில் வரிசையாக வரும்போது இவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "நூறு பேருக்கு முன்னால சார்..." என்றார்.

அந்த பாஸ்டரை நான் பார்த்தேன். வில்லன் இல்லை. பழைய டூ வீலர். யாருக்காவது விபத்து என்றால் ராத்திரி ரெண்டு மணிக்கும் கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு வண்டியை விடுகிற ஆள் என்று டீக்கடையே சாட்சி சொல்கிறது. நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"கடைசியா உறுப்பினர் கூட்டம் எப்ப நடந்ததுங்க? ஓட்டு எடுத்தீங்களா?"

அவர் சிரித்தார். "சார், இது சபை. கட்சி இல்லை."

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால், ஓட்டு என்பது பாப்டிஸ்ட்டுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு இல்லை. அவர் போர்டில் எழுதி வைத்திருக்கிற பெயரின் உயிரே அதுதான்.

1612-ல் தாமஸ் ஹெல்விஸ் என்று ஒரு வக்கீல், லண்டனில் முதல் பாப்டிஸ்ட் சபையைக் கூட்டியவர், ராஜா ஜேம்ஸை எதிர்த்துப் புத்தகம் போட்டார். மனிதனின் ஆன்மா மேல் ராஜாவுக்கு அதிகாரம் கிடையாது என்றார். தன் ஆட்களுக்காக மட்டும் பேசவில்லை. யூதர்கள், துருக்கியர் என்று அன்றைக்குச் சொல்லப்பட்ட முஸ்லிம்கள், எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டார். நியூகேட் சிறையில் போட்டார்கள். உயிரோடு திரும்பவில்லை. ராஜாவுக்கே இல்லாத அதிகாரம் பிஷப்புக்கு எப்படி வரும்? அதனால்தான் இவர்களுக்கு பிஷப் கிடையாது, தலைமையகம் உத்தரவு போட முடியாது. ஒவ்வொரு உள்ளூர்ச் சபையும் தனி. அந்தச் சபைக்கு முதலாளி யார்? முங்கி எழுந்த உறுப்பினர்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு. பாஸ்டரை அவர்கள்தான் தேடி அழைத்து, சம்பளம் பேசி வேலைக்கு வைக்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் 1954-ல் மான்ட்கோமரி ஊருக்குப் போனது அப்படித்தான். எந்த மேலிடமும் அனுப்பவில்லை. அந்தச் சபையார் பிரசங்கம் கேட்டுப் பார்த்து அழைத்தார்கள்.

புதிய ஆளைச் சேர்ப்பதும், ஒருவரைத் திருவிருந்திலிருந்து நிறுத்துவதும்கூட சபை கூடி எடுக்க வேண்டிய முடிவு. இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் மத்தேயு 18-ம் அதிகாரம். முதலில் தனியாகப் பேசு, அப்புறம் ரெண்டு பேரை வைத்துப் பேசு, கேட்கவில்லை என்றால் கடைசியாகச் சபையிடம் கொண்டு போ என்கிற வரிசை அதில் இருக்கிறது. 'பாஸ்டரிடம் கொண்டு போ, அவர் தனியாகத் தீர்ப்புச் சொல்வார்' என்று நான் தேடிய வரையில் இல்லை.

அப்படியானால், அந்த செக்கிங் பெண் கேட்டது அதிகப்பிரசங்கித்தனமா? ஒரு பாப்டிஸ்ட் தன் வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

நான் பார்த்தவரையில் இப்படி நடக்கிறது. ஒருவர் ஊழியத்துக்கு வருகிறார். வாடகை ஹால் பிடிக்கிறார். பத்துப் பேர் ஐம்பது பேர் ஆகிறார்கள். இடம் வாங்க வேண்டும். ஆடிட்டரிடம் போகிறார். 'ட்ரஸ்ட் போட்டுடலாம் சார், ஈஸி' என்கிறார் ஆடிட்டர். ட்ரஸ்ட் பத்திரம் பதிவாகிறது. நிறுவனர் அவர், அறங்காவலர் அவர் மனைவி, மச்சான் இன்னொருவர். எல்லாம் சட்டப்படி சுத்தம். ஆனால், அந்தப் பத்திரத்தில் உறுப்பினர் என்ற வார்த்தையே இருக்காது. கொடுத்த நூறு பேரும் சட்டத்தின் கண்ணில் பார்வையாளர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் சொசைட்டியாகப் பதிவு செய்திருந்தால் குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பாப்டிஸ்ட் கொள்கையை அப்படியே சட்டத்தில் எழுதினால் அதுதான் வரும். பெயர்ப் பலகையில் பாப்டிஸ்ட், பத்திரத்தில் குடும்ப ட்ரஸ்ட். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், லேபிள் ஒன்று, உள்ளே பீஸ் வேறு. இப்படிச் சரக்கு அனுப்பினால் பையர் கன்டெய்னரோடு திருப்பி அனுப்பிவிடுவான்.

எல்லாச் சபையும் இப்படி என்று சொல்லவில்லை. வருஷக் கணக்கை அச்சடித்து பெஞ்சுக்கு பெஞ்ச் கொடுக்கிற சபைகளும் இருக்கின்றன. அவர்களுக்கு இந்தக் கட்டுரை கசக்காது.

பாஸ்டர் சொன்ன பதில்களையும் எழுதிவிட வேண்டும். நியாயம் அதுதான். "ஓட்டு வெச்சா சாதி வரும் சார். பெரிய சபைங்க எலெக்ஷன்ல என்ன நடக்குதுன்னு பேப்பர்ல பார்க்கறீங்கல்ல?" என்றார். பார்க்கிறேன். சாதி பார்த்து ஓட்டு, கோர்ட், ஸ்டே, எல்லாம் உண்மை. ஆனால், அங்கே தோற்றவர் கோர்ட்டுக்காவது போக முடிகிறது. இங்கே இந்தப் பெண் எதைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போவார்? உறுப்பினர் என்பதற்கு அவரிடம் ஒரு சீட்டுகூட இல்லை. ஓட்டு இல்லாவிட்டால் சாதி ஓடிவிடும் என்பதும் வேடிக்கை. யார் மகளுக்கு யார் மகனைப் பார்க்கிறார்கள் என்று சபையில் கேட்டுப் பாருங்கள்.

"நம்ம ஜனங்க படிக்காதவங்க. கணக்கு சொன்னாப் புரியாது."

இதை பாஸ்டர்கள் மட்டுமா சொல்கிறார்கள்? முதலாளிகள், கூட்டுறவு சங்கத் தலைவர்கள், அபார்ட்மென்ட் செக்ரட்டரிகள் எல்லோரும் இதே டயலாக்தான். செக்கிங்கில் நிற்கிற பெண்ணுக்குக் கணக்குப் புரியாதா? கட்டிங்கிலிருந்து எத்தனை வந்தது, எத்தனை தேறியது, எத்தனை ஓட்டை, எத்தனை கறை என்று நாள் முழுக்க எண்ணுகிறவர் அவர். ஒன்றரை ஷிப்டுக்குக் கூலி அஞ்சு ரூபாய் குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார். ஏலச்சீட்டில் கழிவு போக எவ்வளவு வரும் என்று வாயாலேயே சொல்லுவார். அதிலும் எந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறோம்? மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-ல் மூன்று விவசாயிகள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியான ஊர் பெருமாநல்லூர். யூனிட்டுக்கு எத்தனை பைசா என்று கேட்டு உயிரைவிட்ட ஊர். இங்கே கணக்கு புரியாதாம்!

"உங்க கோயில்ல மட்டும் ஓட்டு இருக்கா சார்?" இது அவருடைய மூன்றாவது அம்பு. சரியான அம்பு. இல்லைதான். அறநிலையத் துறை கோயிலில் பக்தருக்கு ஓட்டுக் கிடையாது, தணிக்கை மட்டும் உண்டு. கொங்கு நாட்டில் குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்து நோம்பி முடிந்ததும் கூட்டம் போட்டு வரவு செலவு வாசிக்கிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதிலும் பெண்களுக்கு எத்தனை இடத்தில் பேச்சு என்று நீங்கள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால், ஒரு வித்தியாசம். எங்கள் கோயில் எதுவும் 'இங்கே பக்தர்தான் முதலாளி, ஆளுக்கு ஒரு ஓட்டு' என்று கொள்கை அறிவித்து ஆள் சேர்க்கவில்லை. நீங்கள் சேர்க்கிறீர்கள், பாஸ்டர். அந்த வாக்கை நம்பித்தான் எஸ்.சி. தகுதி போனாலும் பரவாயில்லை என்று ஒருவர் தண்ணீரில் இறங்குகிறார். தொட்டியில் இறங்கும்போது 'நீயாக முடிவு எடு' என்கிறீர்கள். தலையைத் துவட்டி முடித்ததும் 'இனிமேல் முடிவெல்லாம் நான் எடுப்பேன்' என்றால் எப்படி? குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு, ஞானஸ்நானம் வாங்கியவர்களை எல்லாம் குழந்தையாக நடத்துவது என்ன கணக்கு?

அவர் கடைசிவரை கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், காசை நான் கொடுக்க விடவில்லை. 'ஜெபத்தில் வைக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வாசகர்களே, உங்களில் பாப்டிஸ்ட்டுகள் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த ஞாயிறு மூன்றே மூன்று விஷயம் கேளுங்கள். உறுப்பினர் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா? போன வருஷ வரவு செலவு எங்கே? நம் சபை ட்ரஸ்டா, சொசைட்டியா? பாப்டிஸ்ட் இல்லாதவர்கள், தொட்டி எவ்வளவு ஆழம் என்று விசாரிப்பதை நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். அப்படியே உங்கள் காலனி சங்கத்திலும்.

அந்தப் பெண்ணிடம் கிளம்பும்போது கேட்டேன். "வேற சபைக்குப் போயிடலாமே?"

"எதுக்கு சார்? இது எங்க சபை. தகரம் போட்டப்ப நான்தான் மண்ணு சுமந்தேன்."

பீஸ் கட்டுக்கு வைக்கிற அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்: எந்த பேங்க்? யார் கையெழுத்து? மிச்சம் எவ்வளவு? ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்கு நடுவில், எழுந்து நின்று வாசிக்கப் போகிறாராம்.

"நாலாவதா ஒண்ணு சேர்த்துக்கங்க" என்றேன். "என்னைத் திருவிருந்திலிருந்து நிறுத்துறதுக்கு ஓட்டுப் போட்டவங்க யாரு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.